கான்வாய் நிற்காது

பட்டாளத்தாருக்கு வாய் இல்லாமல் இல்லை. சோற்றில் உப்பில்லை என்று மனைவியிடம் அரை மணி நேரம் வாதாடத் தெரியும். எதிரில் ஓர் அதிகாரி உட்கார்ந்துவிட்டால்தான் வினை. வயிறு உள்ளே போகும், நெஞ்சு வெளியே வரும், “நல்லா இருக்கேன் சார்” என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. அந்தப் பேச்சினால்தான் சென்ற விசாரணையில் குடி கெட்டது.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், இப்போது இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்ட மனிதர் அவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். பட்டாளத்து வேலையால் வந்த நோய்தான் என்று ஒப்புக்கொண்டார்களானால் ஊன ஓய்வூதியம் உண்டு, உயிருள்ளவரை ராணுவ ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால், இனி வாரத்தில் எந்த நாள் டயாலிசிஸை விடுவது என்று அவர் மனைவிதான் முடிவு செய்ய வேண்டும். அதை நினைத்தே அவளுக்குப் பாதித் தூக்கம் போயிற்று.

சென்ற முறை மருத்துவக் குழு கேட்டது, வேலையில் இருந்தபோது உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று. “நல்லா இருந்தேன் சார். ஒரு தடவகூட சிக் ரிப்போர்ட் பண்ணினதில்ல,” என்றார் மனிதர், பரிசு வாங்க வந்தவர் போல. அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

இன்று மேல்முறையீடு. இதற்கு மேல் போவதற்கு இடமில்லை. விசாரணை அறைக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அவள் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்ன வேணா சொல்லுங்க. நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்.”

“சரி, சரி. நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சின்னப் பிள்ளைன்னா வலிச்சா அழும்.”

அவர் பாட்டில் தண்ணீரில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடினார். அளவோடுதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது மற்ற நோயாளிகள் மூக்கால் அழுதார்கள். இவர் மட்டும், இதெல்லாம் ஒரு விஷயமா என்றார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். தலைவர், ஓய்வு பெற்ற பெரிய ராணுவ அதிகாரி. பக்கத்தில் ஒரு பெண் டாக்டர். பதிவேட்டில் நோய் என்று ஒரு வரிகூட இல்லை என்று அரசு வக்கீல் சொல்லி முடித்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பட்டாளத்தாரைப் பார்த்தார்.

“சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?”

பட்டாளத்தார் விறைத்து நின்றார். “நல்லா இருக்கேன் சார்.”

அவர்கள் பக்கத்து வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. யாரும் கேட்காமலே எழுந்து நின்றாள்.

“ஐயா, அவர் உங்ககிட்ட உண்மையச் சொல்ல மாட்டார். பழக்கம் அப்படி. உங்களுக்குக் கீழ இருந்தவங்கள்ல எத்தன பேர் வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க? நீங்க உத்தரவு போட்டீங்கன்னா சொல்லுவார்.”

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அவர் குரல் மாறியது. அணிவகுப்பு மைதானத்துக் குரல்.

“டிரைவர். உட்காரு. உடம்புக்கு என்ன வந்துது, அதுக்கு என்ன செஞ்சே, ஒண்ணு விடாம சொல்லு. இது உத்தரவு.”

பட்டாளத்தார் உட்கார்ந்தார். முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். மணல்காட்டு ரோட்டில் லாரி ஓட்டியது, குண்டும் குழியும் முதுகெலும்பைப் பதம் பார்த்தது, மருந்துக் கிடங்கு ஆள் எழுதாமல் கொள்ளாமல் வலி மாத்திரையைக் கைநிறைய அள்ளிக் கொடுத்தது.

“எழுதினா சிக் லிஸ்ட்ல பேர் ஏறிடும் சார். என் வண்டிய இன்னொருத்தன் கையில குடுக்க மனசில்ல.”

“தண்ணி நிறையக் குடிப்பீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல மேடம். குடிச்சா எறங்கணும். கான்வாய் நிக்காது. ஒருத்தன் எறங்கினா மொத்த வண்டி வரிசையும் மாட்டிக்கும். அதனால டிரைவருங்க யாரும் குடிக்க மாட்டோம். யார் ரொம்ப நேரம் தாங்கறான்னு பந்தயமே கட்டுவோம். சாயங்காலம் ஒண்ணுக்கு டீத்தண்ணி மாதிரி போகும். சிரிப்போம்.”

இந்தக் கதை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு கல்யாணத்திலும் மச்சான்மார்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல்வார், வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

“எத்தன வருஷம் இப்படி?”

“வண்டி ஓட்டின வரைக்கும் மேடம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீரும் இல்லாமல் அந்த மாத்திரையையும் விழுங்கினால் எந்தச் சிறுநீரகம் தாங்கும் என்று தலைவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இது எதுவும் பதிவுல இல்லையே,” என்றார் அரசு வக்கீல்.

“இருக்காது. பதிவுல வரக்கூடாதுன்னுதானே இவங்க பாடுபட்டிருக்காங்க. ஒருத்தன்கூட சிக் இல்லன்னு நானே பெருமையா மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்,” என்றார் தலைவர். மேல்முறையீட்டை ஏற்பதாகச் சொல்லி அதை எழுதவும் வைத்தார். அவளுக்குச் சந்தோஷத்தைவிட அசதிதான் முதலில் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் பட்டாளத்தார் முகம் தொங்கிப் போயிருந்தது.

“அதிகாரி முன்னாடி புலம்பிட்டேன். கூட இருந்த பசங்க கேட்டா என்ன நினைப்பாங்க?”

“அவங்களும் வந்து புலம்புவாங்க.” அவர் முகம் வெளுத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். “வலிக்குதா?”

“ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்.”

வாழ்க்கை முழுவதும் கேட்ட பதில். லீவில் வந்தபோது, போனில் பேசியபோது, முதல் டயாலிசிஸ் முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது. நம்புவது சுலபமாக இருந்தது, அதனால் அவளும் நம்பினாள். இன்று முடியவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“டிரைவர். உக்காரு. ஒண்ணு விடாம சொல்லு. இது உத்தரவு.”

அவள் அவரை ஒருமையில் பேசியது அதுவே முதல் முறை. அவர் சிரிக்கத்தான் பார்த்தார். பாதியிலேயே உதடு கோணிக்கொண்டது. மெல்ல சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“பயமா இருக்கு,” என்றார். “அந்த மெஷின்ல படுக்கற ஒவ்வொரு தடவையும்.”

பஸ் வந்து நின்றது. ஏறுகிறார்களா என்று பஸ் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டுக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னும் சொல்லுங்க,” என்றாள்.