கீழ்வாசலுக்கு ஒரு குழந்தை வேண்டும்

மனிதகுல வரலாற்றில் பகுத்தறிவு மோன்தெகொர்வாரோ ஊருக்குள் முதன்முதலாக நுழைந்தது என் வழியாகத்தான். இத்தாலியின் பெரூஜா நகரத்திலிருந்து வரும் காலைப் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வந்தது. அதற்கு முன் இந்த மலைமேல் பாப்பரசரின் படை ஏறியிருக்கிறது, கொள்ளைநோய் ஏறியிருக்கிறது, அரைக்கால் சட்டை போட்ட ஜெர்மானியர்கள் ஏறியிருக்கிறார்கள். பகுத்தறிவு ஏறியதற்கு மட்டும் சான்று இல்லை. நான் பெரூஜாக் கல்லூரியில் வரலாறு படிப்பவன். சான்று பார்க்காமல் பேசமாட்டேன்.

ஊரில் இரண்டு பேட்டைகள். உச்சியில் மணிக்கூண்டுப் பேட்டை, சரிவின் அடியில் கீழ்வாசல். நாங்கள் கீழ்வாசல். 1352-இல் பகைவர் படை ஊரை வளைத்துக் கிடந்தபோது, மணிக்கூண்டுக்காரர்கள் அவர்களோடு இரகசியமாகப் பேசி முடித்தார்கள். அவர்கள் திறந்துவிட்டது தங்கள் வாசலை அல்ல, எங்கள் வாசலை. எங்கள் தெருக்கள் எரிந்தன. அவர்கள் கூரையில் ஓர் ஓடுகூட விரிசல் விடவில்லை. இதெல்லாம் அறுநூறு வருடத்துக்கு முந்தைய கதை என்பது பெரூஜாவில் இருக்கும்வரைதான். கீழ்வாசலில் இது போன வியாழக்கிழமை நடந்தது. எங்கள் பேட்டைத் தலைவி எர்சிலியாக்கா கசாப்புக்கடை வைத்திருக்கிறார். மேலேயிருந்து யாராவது கறி வாங்க வந்தால் இன்றும் எலும்பைக் கூட்டித்தான் போடுவார்.

எந்தப் பேட்டை என்பதை முடிவு செய்வது பிறப்போ வீட்டு முகவரியோ அல்ல, ஊற்று. தேவாலயத்தில் பாதிரியார் தரும் ஞானஸ்நானம் எல்லோருக்கும் பொது, அது மோட்சத்துக்கு. அதன் பிறகு பேட்டையின் கல் ஊற்றில், பேட்டைத் தலைவர் செப்பு அகப்பையால் மூன்று முறை குழந்தையின் தலையில் தண்ணீர் விட்டு, கழுத்தில் பேட்டைத் துணியைக் கட்டுவார். எங்களுக்குப் பச்சை, அவர்களுக்குச் சிவப்பு. இது பகைக்கு. ஒருமுறை ஊற்றினால் ஊற்றியதுதான்.

இதைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு, ‘தண்ணீரும் மூடரும்’. இரண்டு ஊற்றுக்கும் தண்ணீர் வருவது நகராட்சியின் ஒரே தொட்டியிலிருந்துதான், இரண்டிலும் ஒரே குளோரின் வாடைதான் என்று நிறுவினேன். மகள் பெற்ற பிள்ளைக்கு மணிக்கூண்டு ஊற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்றால், அந்தக் காலத்துக் கீழ்வாசல் கிழவிகள் எங்கள் ஊற்று நீரை ஒரு குவளையில் ஒளித்து எடுத்துப்போய், தூங்கும் குழந்தையின் தலையில் திருட்டுத்தனமாகத் தெளித்துவிட்டு வருவார்களாம். அதை ‘உலகின் மிகச் சிறிய படையெடுப்பு’ என்று குறிப்பிட்டிருந்தேன். ஆசிரியர்கள் சிரித்தார்கள். எர்சிலியாக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்து, அதில் ஈரலைப் பொட்டலம் கட்டி என் அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். “உன் பையன் எழுதினதுல இன்னைக்குத்தான் ஏதோ சத்து இருக்கு” என்றாராம்.

இந்த ஆகஸ்டில் நான் ஊருக்கு வந்தது ஆய்வுக்காக. எங்கள் ஊரில் ஒரு பழைய சட்டம் உண்டு. தொடர்ந்து ஏழு வருடம் ஒரு குழந்தைக்குக்கூட ஊற்றில் நீர் ஊற்றாத பேட்டை, தன் கொடியை அடுத்த பேட்டையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதன் பிறகு ஊர்வலத்தில் முரசு கிடையாது, வரிசை கிடையாது. கீழ்வாசலின் இளசுகளெல்லாம் மிலானிலும் பெரூஜாவிலும் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்க, ஏழாவது வருடம் புனித லோரென்சோ திருநாளோடு முடியப்போகிறது. கைவசம் இருந்தது ஒரே ஒரு குழந்தை. என் அக்கா இசவுராவின் மகள் லவீனியா.

அக்கா கட்டிக்கொண்டது மணிக்கூண்டுக்காரனான பெரார்தோவை. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே, தலைப்பிள்ளை கீழ்வாசலுக்குத்தான் என்று எர்சிலியாக்காவின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தாள். அதை நம்பித்தான் பேட்டை மூன்று வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

திருவிழா வாரத்தில் பேட்டை மாறிக் கல்யாணம் செய்த கணவன் மனைவி அவரவர் தாய்வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். பகை நாட்களில் ஒரே படுக்கை கூடாது. அக்காவும் குழந்தையோடு வந்து தன் பழைய அறையில் தங்கினாள். திருநாள் விருந்துக்கு அம்மா வாத்து வறுத்தாள். பச்சைத் துணியை நான் இஸ்திரி போட்டேன். இரண்டு முறை. ஆய்வுப்பொருளில் சுருக்கம் இருக்கக்கூடாது.

திருநாள் காலையில் அக்கா குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

“எங்கடி கெளம்பிட்ட?” என்றாள் அம்மா.

“டயப்பர் தீந்துபோச்சும்மா. மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“புள்ளய இங்க விட்டுட்டுப் போயேன்.”

“வழியெல்லாம் தூங்கும்மா. இங்க முரசுச் சத்தம்.”

மருந்துக்கடை மேட்டில் இருக்கிறது. கல் பாவிய தெரு, செங்குத்து. அக்கா மூச்சு வாங்குகிறாளே என்று பாதி மேடுவரை வண்டியை நான்தான் தள்ளிக்கொடுத்தேன். “போதும்டா, நீ போ. அங்க உன்னத் தேடுவாங்க” என்று என் கன்னத்தில் தட்டினாள்.

ஊற்றங்கரையில் பேட்டை முழுக்கக் கூடியிருந்தது. எர்சிலியாக்கா முதல்முறையாக இரத்தக்கறை இல்லாத உடையில் நின்றார். கையில் அகப்பை.

“டேய் நேவியோ, துணியக் கீழ போட்டுடாத. உன் கட்டுரை மாதிரி மடிச்சு வச்சுக்க.”

“நான் பார்வையாளன் மட்டும்தான்க்கா.”

“பார்வையாளன் எதுக்குடா தலைக்கு எண்ணெய் தடவிட்டு வந்துருக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மேலே மணி அடித்தது. கூண்டின் பெரிய மணி அல்ல, சின்னது. பெண் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றினால் மேலே அடிப்பது அந்த மணியைத்தான்.

முரசுக்காரர் குச்சிகளைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். அம்மா ஊற்றின் விளிம்பில் உட்கார்ந்தாள். எர்சிலியாக்கா அகப்பையிலிருந்த தண்ணீரைத் திரும்ப ஊற்றிலேயே விட்டார்.

“அந்தத் தடவையும் வாசல உள்ளேருந்துதான் தொறந்தாங்க” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. பார்க்கவில்லை, ஆனால் வண்டியைத் தள்ளியவன் நான்.

மேட்டில் ஓடினேன். பெரார்தோ வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தது. சோம்பு பிஸ்கட், மது, சிரிப்பு. அக்கா சமையலறையில் தனியாக நின்றாள். தோளில் குழந்தை, குழந்தையின் கழுத்தில் சிவப்பு.

“எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“வண்டியத் தள்ளியிருக்க மாட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. “புள்ள வயித்துல இருந்ததுலேருந்து மாமியார் எங்கூடப் பேசலடா. ஒரே மேஜையில உக்காந்து, உப்ப எடுன்னு சொவத்தப் பாத்துக் கேப்பாங்க. நீ கீழ ஒரு வாரம் வந்துட்டுப் போயிடுவ. நான் இங்க குடியிருக்கணும்.”

“வாக்குக் கொடுத்தியே?”

“கொடுத்தேன்.”

“அப்பவே பொய்யா?”

“அப்பப் பொய் இல்ல.” குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு ஃப்ரிட்ஜைக் காட்டினாள். எலுமிச்சை வடிவக் காந்தத்தின் அடியில் ‘தண்ணீரும் மூடரும்’ தொங்கிக்கொண்டிருந்தது. “நீதான எழுதின, ரெண்டும் ஒரே தொட்டித் தண்ணின்னு? ஒரே தண்ணின்னா எங்க ஊத்தினா என்ன? சண்டையில்லாத பக்கமா ஊத்திக்கிட்டேன். நீ ஒருத்தனாவது சிரிப்பேன்னு நெனச்சேன்டா. மாமியாருக்கே படிச்சுக் காட்டினேன். ‘உன் தம்பி புத்திசாலி’ன்னு அன்னைக்குத்தான் எங்கிட்ட வாயத் தொறந்தாங்க.”

அறுநூறு வருடத்தில் மணிக்கூண்டுப் பேட்டை ஒரு கீழ்வாசல்காரனைப் பாராட்டியிருக்கிறது. சான்று ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

“அது... கட்டுரைக்கா” என்றேன். “கட்டுரையப் படிச்சுட்டு யாராவது...”

“ஏன், நீ எழுதினத நீயே நம்பலயா?”

பதில் சொல்ல நிறைய இருந்தது. அடிக்குறிப்புகளோடு இருந்தது.

மாலையில், நான் இன்னும் மேலேயே நின்றிருக்க, எர்சிலியாக்கா கொடியை எடுத்துக்கொண்டு வந்தார். கூட யாரையும் வரவிடவில்லை. மணிக்கூண்டுக்காரர்கள் ஊளையிடுவார்கள், கூவுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, எழுந்து நின்று, மெல்லக் கைதட்டினார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பெரார்தோ முன்னால் வந்து கொடியை வாங்கும்போது, “மன்னிச்சுக்குங்கக்கா” என்றான்.

“நாளைக்கு கடைக்கு வா தம்பி” என்றார் எர்சிலியாக்கா. “நல்ல கறியா எடுத்து வைக்கறேன்.”

அவர் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பெரார்தோவின் முகம் வெளுத்தது.

பெரூஜாவுக்குப் போவதைத் தள்ளிப்போட்டேன். அம்மா அக்காவின் பெயரை எடுப்பதில்லை. வறுத்த வாத்து பக்கத்து வீட்டு நாய்க்குப் போனது. கடையில் எர்சிலியாக்கா என்னிடம் விலையை மட்டும் சொன்னார். ஒரு கிண்டல் இல்லை, ஒரு வசவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அக்கா ஃபோன் செய்தாள். அம்மா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். நான் போனேன். பேருந்துக்கு நேரே அங்கிருந்து போய்விடலாம் என்று பையையும் எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். பெரார்தோ என் படிப்பைப் பற்றி மரியாதையாகக் கேட்டான். பிறகு மாமியார் மதியத் தூக்கத்துக்குப் போனார். அவன் தட்டுகளை எடுத்துக்கொண்டு போக, அக்கா காப்பி போடப் பின்னாலேயே போனாள். லவீனியா ஜன்னலோரத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலிலிருந்து கீழ்வாசல் முழுவதும் தெரியும். வாசல் கோபுரத்தில் கொடிக்கம்பம் வெறுமனே நின்றது.

பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். காலையில், தெருவில் யாருமில்லாத நேரத்தில் எங்கள் ஊற்றில் பிடித்தது. வழியில் குடிக்க. கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு, குளிர் போகும்வரை வைத்திருந்தேன். குளோரின் வாடை அடித்தது. தலையில் ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது முறை அவள் கண்ணைத் திறந்து, நெற்றியைச் சுருக்கி, என்னையே பார்த்தாள். அழவில்லை. சட்டைக் கையால் ஒற்றி எடுத்தேன். முழுசாகக் காயவில்லை.

காப்பித் தட்டோடு வந்த அக்கா குனிந்து குழந்தையைத் தூக்கினாள்.

“என்னடா இது, தலையெல்லாம் ஈரமா இருக்கு?”

“வேர்த்திருக்கு” என்றேன்.