கதவுக்குப் போட்ட அம்மை

சித்தி அவள் தலையை மோந்து பார்த்தாள். தனியாகக் கூப்பிட்டுப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பட்டறையின் நட்டநடுவில், மரம் அறுக்கிற மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, டிரைவர் முதல் தச்சர்கள் வரை எல்லோரும் வேடிக்கை பார்க்க, பூனைக்குட்டியைப் பிடிப்பது மாதிரி பின்னங்கழுத்தைப் பிடித்து வளைத்து, மூச்சை நன்றாக இழுத்து மோந்தாள்.

“என்னத்தடி தடவிட்டு வர்ற?”

“சீரம் சித்தி. எல்லாரும் போடுறதுதான்.”

“அதான். அதுலதான் சிலிகோன் இருக்காம். மாஸ்டர் சொல்றாரு. ஒரு துளி காத்துல பறந்தாலே பெயின்ட் பிடிக்காதாம்.”

பெயின்ட் மாஸ்டர் டீயை உறிஞ்சியபடி தலையை மட்டும் ஆட்டினார். “நான் யாரையும் குத்தம் சொல்லல. இந்த வேலைக்குக் கை சுத்தம் வேணும், அவ்வளவுதான்.”

கை சுத்தம். திருடனைப் பற்றிப் பேசுகிற வார்த்தை. அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் ஒருவேளை உண்மையாகவே நம்மால்தானோ என்று அதற்குள் உள்ளே ஒரு குரல் கேட்க ஆரம்பித்திருந்தது.

அந்தக் குரலால்தான் பட்டறையில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். “சந்தேகம் வந்தாச்சா?” என்றுதான் காலையில் விசாரிப்பார்கள். சமையலறை அலமாரிகளுக்குக் கதவு செய்து, வண்ணம் அடித்து, வீடுகளில் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்கிற பட்டறை. முதலாளி சித்தி. அக்கா மகள் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. வந்த நாளிலிருந்து உப்புத்தாளால் கதவு தேய்க்கிற வேலைதான். தேய்த்துத் தேய்த்து, தூசியைத் தின்று தின்று, கடைசியில் ஒருவழியாக ஸ்ப்ரே கன் கைக்கு வந்திருந்தது.

வந்த உடனே இந்த வினை. அவள் கதவில் வெள்ளை அடிப்பாள். ஈரத்தில் பால் மாதிரி பளபளவென்று படியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெயின்ட் பயந்து பின்வாங்கும். வட்ட வட்டமாகக் குழி விழும். குழியின் அடியில் முதல் பூச்சான பிரைமர் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும்.

“கதவுக்கு அம்மை போட்டிருக்குடி,” என்றாள் அவளோடு தேய்ப்பில் இருந்த அக்கா.

முதல் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை அழுகை வந்தது. சித்திக்கு இரண்டும் வரவில்லை. “அடுத்த ஆர்டர்ல உன் கதவு சுத்தமா வரணும். வரலைன்னா நீ தேய்ப்புக்கே போயிடு. அப்புறம் கன்னைத் தொடவே கூடாது,” என்றாள்.

மாஸ்டருடைய கதவில் மட்டும் அம்மையே கிடையாது. அவர் அடித்த கதவைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அடிப்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிப் புட்டியை எடுத்து, கன்னில் இருக்கிற பெயின்டில் கொஞ்சம் சொட்டுவிட்டுக் கலக்குவார். ‘மருந்து’ என்பார். என்ன மருந்து என்று கேட்டால் கண்ணடிப்பார். பாடகர் பாடுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைப்பது மாதிரி அதையும் எல்லோரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தலையை மோந்து பார்த்த அன்று வீட்டுக்குப் போனதும் சீரம் புட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தை விளக்கில் பிடித்துப் படித்தாள். டைமெத்திகோன் என்று இருந்தது. போனில் தேடினாள். சிலிகோன்தான். அப்படியென்றால் மாஸ்டர் சொன்னது சரியா? சீரத்தை நிறுத்தினாள். முகத்துக்குப் போடுகிற கிரீமைப் படித்தாள், அதிலும் இருந்தது. உதட்டுக்குத் தடவுவதைப் படித்தாள், இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டாள். துணி துவைக்கிற சோப்பைப் போட்டுத் தலைக்குக் குளித்தாள்.

“என்னடி இது, தலை துடைப்பம் மாதிரி நிக்குது? மாப்பிள்ளை பாக்க வர்ற நேரத்துல இப்படியா?” என்றாள் அம்மா.

“உன் தங்கச்சியைக் கேளு.”

தலைக்கு உறை, கைக்கு உறை, முழுக்கை அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு அடித்தாள். அம்மை அப்படியே இருந்தது. கொஞ்சம் கூடியது என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் முதல் கோபம் வந்தது. அவளுக்காக அல்ல, தேய்ப்பு அக்காவுக்காக. அக்கா உள்ளங்கை வெடிப்புக்கு ஏதோ களிம்பு போடுவாள். சித்தி அதையும் நிறுத்தச் சொல்லியிருந்தாள். தேய்த்த கதவில் ரத்தக்கறை படிந்தது. “நாம ரெண்டு பேரும்தான் இந்தப் பட்டறையில மனுஷங்க போல. மத்தவங்க எல்லாம் கழுவி வச்ச பாத்திரம்,” என்றாள் அக்கா.

அவள் சுற்றிப் பார்த்தாள். டிரைவர் ஸ்ப்ரே அறையின் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, டயர் பளபளக்க ஏதோ ஒன்றை அடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு மாட்டப் போகிறவர் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓரத்துக்குச் சிலிகோன் அடைப்புப் பசை வைத்துவிட்டு வந்து, அதே விரலை ஸ்ப்ரே அறையின் துணியில் துடைத்தார். அவர்கள் தலையை யாரும் வளைக்கவில்லை. அவர்கள் கையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. கழுத்தைப் பிடிக்க வசதியாக இருந்தது அவள் கழுத்து ஒன்றுதான்.

ஆனாலும் கோபப்படுவதற்கு முன்னால் நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதுதான் அவள் சுபாவம். கழிவு மரத்தைச் சின்னப் பலகைகளாக வெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே பிரைமர் அடித்து வைத்தாள். மாஸ்டர் வருவதற்கு முன்னால் ஒன்றை அடித்தாள். சுத்தமாக வந்தது. மாஸ்டர் அடித்து முடித்த பிறகு, அதே கன், அதே பெயின்ட், இன்னொன்றை அடித்தாள். அம்மை. தற்செயலாக இருக்கும் என்று மறுநாளும் செய்தாள். மாஸ்டர் விடுப்பு எடுத்த நாளில் வேண்டுமென்றே சீரத்தைப் பூசிக்கொண்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அடித்தாள். ஒரு குழி விழுந்தது. ஒன்றே ஒன்று. மாஸ்டர் வந்த அன்று சொறி சொறியாக விழுந்தது.

பெயின்ட் கடைக்குப் போனாள். மாஸ்டர் எப்போதும் வாங்கும் புட்டியை நிறம் சொல்லி, மூடி சொல்லிக் கேட்டதும் கடைக்காரர் எடுத்து மேசையில் வைத்தார்.

“இது என்னண்ணே?”

“அம்மைக்கு மருந்து.”

“மருந்துல என்ன இருக்கு?”

“சிலிகோன்தான். வேறென்ன இருக்கும்?”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விலைச்சீட்டு ஒட்டுகிற தாளில் ஒன்றை உரித்துக் காட்டினார். “இந்தச் சீட்டு எதுல வேணா ஒட்டும். ஆனா பின்னாடி தாள்ல மட்டும் ஒட்டாம உரிஞ்சு வருது பாத்தியா? அந்தத் தாள் மேல பூசியிருக்கிறது அதுதான். கேக் அச்சு, தோசைக்கரண்டி, குளியலறை மூலை, குழந்தைக்குக் குடுக்கிற ரப்பர், எங்கதான் இல்ல? எதுவும் அதைப் பிடிக்காது, அதுதான் அதோட பெருமை. பெயின்டுக்கும் பிடிக்காது. பலகையில ஒரு பொட்டு இருந்தா அந்த இடத்தை விட்டு ஓடிடும். பெயின்ட் முழுக்கவே கலந்துட்டா எங்க ஓடும்? எல்லா இடமும் ஒண்ணாயிடும். சமமாப் படிஞ்சிடும்.”

“அடிக்கும்போது புகை மாதிரி பறக்குதே, அது?”

“அது பக்கத்துப் பலகையில போய் உக்காரும். காத்துக் குழாய்க்குள்ள உக்காரும். அதான் ஒருத்தர் ஊத்த ஆரம்பிச்சா அறையில எல்லாரும் ஊத்தணும். புட்டியிலயே போட்டிருக்கே, எப்பவாவது, ரொம்பக் கொஞ்சமா, அடிச்சு முடிச்சா எல்லாத்தையும் கழுவுன்னு. உங்க மாஸ்டர் சமையல் எண்ணெய் மாதிரில்ல வாங்கிட்டுப் போறாரு!” என்று சிரித்தார்.

“நீங்க சொல்லலாமில்ல?”

“நான் விக்கிறவன்மா. கேட்டா குடுப்பேன்.”

மறுநாள் சித்தியின் அறைக்குப் போனபோது பலகைகளையும் எடுத்துக்கொண்டு போனாள். மாஸ்டரும் அங்கேதான் இருந்தார். நல்லதாகப் போயிற்று. மேசையில் வரிசையாக வைத்து, எது எப்போது அடித்தது என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் சித்தி பெருமூச்சு விட்டாள்.

“இவ்வளவுதானா? அப்போ நீயும் ரெண்டு சொட்டு ஊத்திட்டுப் போயேன். இதுக்கா இத்தனை நாள் கட்டையை வெட்டிட்டு இருந்த?”

மாஸ்டர் புட்டியை எடுத்து நீட்டினார். “பிடி பாப்பா. வாய் விட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே.”

அவள் கை நீண்டுவிட்டது. அதுதான் வெட்கம். வாங்கிக்கொண்டால் அடுத்த ஆர்டர் பளபளவென்று வரும், கன் அவளுடையது, தூசி தின்ன வேண்டாம். நீண்ட கை பாதியில் நின்றது.

“இது சிலிகோன்னு உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?”

“தெரியாம என்ன? இது நல்ல சிலிகோன். உன் தலையில இருக்கிறதுதான் கெட்டது.”

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு வந்த பேச்சு நிற்கவில்லை.

“ஒரு வீட்டுல ஒருத்தன் அடுப்பைப் பத்த வச்சுட்டு, புகை வருதே யாரு பீடி குடிச்சதுன்னு மத்தவங்க வாயை மோந்து பாப்பானா? தெரிஞ்சே என் தலையைக் காமிச்சீங்களே! அக்கா கையில ரத்தம் வந்துச்சு, அதையும் பாத்துட்டு டீ குடிச்சீங்களே! உங்க கதவு பளபளன்னு இருக்கிறதே என் கதவைக் கெடுத்துத்தான்!”

“மரியாதையாப் பேசு,” என்றாள் சித்தி.

“பேசுறேன் சித்தி. இதைப் பாருங்க.” கடைசிப் பலகையை எடுத்தாள். மாஸ்டர் அடித்து மிஞ்சிப்போன கதவின் துண்டு அது. அதன்மேல் அவர் மருந்தையே கலந்து இன்னொரு பூச்சு அடித்துக் காய வைத்திருந்தாள். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். ஆறிய பாலின் ஆடை மாதிரி மேல்பூச்சு முழுசாகக் கழன்று வந்தது.

சித்தி அந்த ஆடையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். உரிந்துவிட்டது என்று திரும்பி வந்த கதவுகள் எத்தனையோ உண்டு. நீங்கள் சமைக்கிற ஆவி பட்டு உரிந்தது என்று வீட்டுக்காரர்களிடம் அடித்துச் சொல்லி அனுப்பியதும் சித்திதான்.

“மாஸ்டர், இனிமே இது வேணாம்,” என்றாள் மெதுவாக. உடனே இவள் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு நீயும் அக்காவும் ஸ்ப்ரே அறையைக் கழுவிடுங்க. சுவர், மேல்கூரை, குழாய் எல்லாம்.”

“மாட்டேன்.”

“என்ன?”

“ஊத்துனவரு கழுவட்டும். நானும் கழுவுறேன், அவரும் கழுவட்டும். அக்கா கையில வெடிப்பு ஆறுற வரைக்கும் கழுவுற தின்னரைத் தொட மாட்டாங்க.”

“எனக்கு இடுப்பு வலி,” என்றார் மாஸ்டர்.

“அப்போ இடுப்பு சரியாகட்டும். அது வரைக்கும் யாரு அடிச்சாலும் அம்மைதான். ஆர்டர்காரங்ககிட்ட உங்க இடுப்பைக் காரணம் சொல்லிடலாம்.”

சித்தி மாஸ்டரைப் பார்த்தாள். அன்றுவரை அவருக்கு எதிராக ஒரு வார்த்தை சித்தி பேசி யாரும் கேட்டதில்லை. “வாங்க மாஸ்டர். நானும் வர்றேன்,” என்றாள். சொன்னபடியே வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மாஸ்டர் முனகிக்கொண்டே குழாய்களைக் கழற்றினார். அவர் ஊற்றிய மருந்து அத்தனை மூலையிலும் இருந்தது. துணி துணியாகத் துடைத்து வெளியே போட்டார்கள்.

பிறகு ஆர்டர் கதவுகளை இவள் அடித்தாள். புதுக் குழாய், கழுவிய கன், புட்டி இல்லை. ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார்கள். சித்தி சாய்ந்தும் குனிந்தும் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே வந்தாள். வெள்ளை அசையாமல் கிடந்தது.

“இதோ இருக்கே,” என்றார் மாஸ்டர். கடைசிக் கதவில், கீல் வரும் ஓரத்தில், இரண்டு குழி. அவர் குரலில் இடுப்பு வலியே இல்லை.

“இருக்கு. நானும் பாத்தேன்,” என்றாள் அவள். “காஞ்சதும் தேய்ச்சுட்டுத் திரும்ப அடிப்பேன்.”

நம்மால்தானோ என்ற குரல் வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். வரவில்லை.

சித்தி தலையாட்டினாள். “சரி. நல்லாத்தான் வந்திருக்கு. இனிமே நீயே அடி. சீக்கிரம் முடி, வண்டி வந்துடும்.”

“ஒண்ணு பாக்கி இருக்கு சித்தி.”

“என்ன பாக்கி? அதான் கன் உன்னுதுன்னு சொல்லிட்டேனே.”

“எல்லார் முன்னாடியும் என்னைச் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லுங்க.”

“கதவு சுத்தமா வந்துச்சே, அது போதாதா?”

“போதாது.”

சித்தி உதட்டைக் கடித்தாள். பிறகு ஸ்ப்ரே அறையின் கதவைத் திறந்து, வெளியே தலையை நீட்டி, கடனே என்று உரக்கச் சொன்னாள். “எல்லாரும் கேட்டுக்கோங்க. அது இவளால வந்தது இல்ல.”

தச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் டயரிலிருந்து நிமிர்ந்து, “எதும்மா?” என்றார்.

சித்தி திரும்பி இவளைப் பார்த்தாள். மாஸ்டர் சிரிப்பை அடக்கினார். அவள் கன்னைக் கீழே வைத்தாள். உறைகளைக் கழற்றினாள். வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.