ஓஹித்தோவின் ரஃபேல்

ஓஹித்தோ என்ற சிற்றூரின் கிறிஸ்தவக் கோயிலிலிருந்து திருட்டுப்போன, ரஃபேல் சம்மனசு என்ற தேவதூதரின் மரச் சுரூபம் சாந்தா ஃபே நகரத்துப் பழம்பொருள் கடை ஒன்றில் இருப்பதாகத் தகவல் வந்தது. கோயில் பொறுப்பாளர் செலெதோனியோ உடனே தன் பிக்கப் வண்டியை எடுத்தார். ஃபிடெலினாவையும் ஏற்றிக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாகக் கோயிலைப் பெருக்கிப் பீடத்தைத் துடைத்து வருபவள் அவள்தான். அடையாளம் சொல்ல வேறு ஆள் கிடையாது.

வழி நெடுக அவள் சால்வை நுனியை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

"ஏம்மா, வயித்துல ஏதும் கோளாறா?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ரஃபேல் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே மீன், அதே சற்றே சாய்ந்த கழுத்து. போலீஸ்காரர் ஒருவரும் வந்திருந்தார். கடைக்காரர் தன்மையாகத்தான் பேசினார், ஆனால் சுரூபத்தை விடுவதாக இல்லை.

"இது நூத்தம்பது வருஷத்துப் பழசும்மா. அந்தக் காலத்துப் பெரிய கைகாரன் செஞ்சது. இதே மாதிரி பத்து ஊர்ல இருக்கு. உங்க ஊருதுதான்னு எப்படிச் சொல்றீங்க? போட்டோ இருக்கா?"

போட்டோ இல்லை. ஆதாரம் இல்லாமல் தானும் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் போலீஸ்காரர். செலெதோனியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது பழசு இல்லைங்க," என்றாள் ஃபிடெலினா. "நான் செஞ்சது."

கடைக்காரர் போலீஸ்காரரைப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

"ஐம்பத்தோராம் வருஷம் நான் ஏத்தி வச்ச மெழுகுவத்தி சாஞ்சு பழைய ரஃபேல் எரிஞ்சு போச்சு. சாமியார்கிட்ட மட்டும் அழுது சொன்னேன். கூரை ஒழுகுதுன்னு ஊர்ல சொல்லி அவரு கோயிலப் பூட்டிட்டாரு. ஆத்தோரம் ஆலமோ மரத்து வேரத் தோண்டி எடுத்தாந்து நாப்பது நாள் செதுக்கினேன். அங்கிக்குக் குச்சிக் கூடு கட்டி, சுண்ணத்துல தோய்ச்ச துணியப் போத்தினேன். நல்ல துணிக்கு எங்க போவேன், மாவுச் சாக்குதான். உள்ள வெளிச்சம் அடிச்சுப் பாருங்க. முதுகுப் பக்கம், சாக்குல அச்சடிச்ச சேவல் தலைகீழா நிக்கும். வாலுகிட்ட கிழிஞ்ச இடத்த நீல நூல்ல தைச்சிருப்பேன்."

கடைக்காரர் சுரூபத்தைச் சாய்த்து டார்ச் அடித்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு டார்ச்சைப் போலீஸ்காரரிடம் நீட்டினார்.

செலெதோனியோ பார்க்க வரவில்லை. ஃபிடெலினாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, எம் பொண்டாட்டி காலுக்கு நான் முழங்கால்ல நடந்து நேந்துகிட்டது?"

"அது ஐம்பத்தெட்டுல. இவருகிட்டதான்."

"கால் சரியாயிருச்சே."

"ஆயிருச்சுல்ல."

அவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "கேட்டீங்களா ஐயா, பெரிய கைகாரன்னீங்களே. எங்க ஊருப் பொம்பள."

கடைக்காரருக்கு முகம் சிவந்திருந்தது. ஆனாலும் சுரூபத்தை வாசல்வரை தூக்கி வந்து கொடுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார்.

"எங்க கோயில்லயே இன்னொரு பீடம் காலியாக் கெடக்கு. அத முடிச்சுட்டுப் பாக்கலாம்," என்றாள் அவள்.

ஊர் எல்லையிலேயே செலெதோனியோ ஹாரனை அழுத்தத் தொடங்கிவிட்டார். கூடிய கூட்டத்திடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார், மெழுகுவத்தியையும் விடாமல். கிழவிகள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தச்சன் பாசியானோ அங்கிக்குள் கைவிட்டுக் கூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆணியே இல்ல, அத்தனையும் மர முளைதான்," என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

அக்டோபர் திருவிழாவில் பல்லக்கின் முன்கொம்பை ஃபிடெலினாவிடம் கொடுத்தார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே தோள் கொடுத்த இடம். அவள் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து, வாய்க்கால் பாதையில் முதல் ஆளாக நடந்தாள்.