பாதி வழியில் இறக்காத பெட்டி

அந்த வியாழக்கிழமை பிற்பகல் ஸ்கார்வே ஊர் மண்டபத்தின் பின்னறையில் ஏழு பேர் இருந்தோம். படத்தை இயக்கிய ரோவன் பெட்ரி. அவளுடைய ஒளிப்பதிவாளன் டியுவி. கிளாஸ்கோ நாளிதழிலிருந்து வந்த கிரெகோர் லிடெல். வானொலியிலிருந்து வந்த இஷ்பெல் என்ற பெண். எங்கள் பக்கத்து வீட்டு ஃபின்லே. என் தங்கை கென்னினா. பிறகு நான், டோர்குல் மக்ரிச்சி, ருவாரி மக்ரிச்சியின் மூத்த மகன். அன்று பேசியதைத் தாங்களும் கேட்டதாக இப்போது பலர் சொல்லிக்கொள்வதால் பெயர்களை எழுதிவைக்கிறேன்.

படத்தை முந்தின ஆண்டு மே மாதத்தில் எங்கள் தீவில் எடுத்தார்கள். எங்களிடம் அவர்கள் கேட்டது ஒரு சவ அடக்கம் மட்டும். கதை என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆண்கள் இருபத்திரண்டு பேர் கறுப்பு உடையில் வந்தோம். எங்கள் வழக்கப்படி இரண்டு வரிசையாக நின்று பெட்டியைத் தூக்கினோம். பத்தடிக்கு ஒருமுறை ஒருவர் விலகுவார், அடுத்தவர் தோள் கொடுப்பார். பெட்டியின் தலைப்பக்கத்தில் கட்டியிருக்கும் தலைமாட்டுக் கயிற்றைப் பிடிப்பது இறந்தவருக்கு மிக நெருங்கிய உறவினருக்கு உரியது. நடிப்புதானே, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றாள் ரோவன். யாரும் கை நீட்டவில்லை. வயதில் மூத்தவன் என்று நான் பிடித்துக்கொண்டேன்.

நாற்பதடி போனதும் அவள் "போதும், நிறுத்துங்க" என்று கத்தினாள். யாரும் நிற்கவில்லை. மறுபடி கத்தினாள். டியுவி காமிராவைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் ஓடிவந்தான். கல்லறை வரைக்கும் பதினோரு நிமிடம். அங்கே போய்த்தான் இறக்கினோம்.

"என்ன மிஸ்டர் ஃபின்லே, உள்ள மணல் மூட்டைதானே இருக்கு?" என்று மூச்சிரைக்க வந்து கேட்டாள் ரோவன்.

"இருக்கட்டுமேம்மா. தூக்கியாச்சுல்ல? பாதி வழியில கீழ வெச்சா நாளைக்கு எவன் மூஞ்சில முழிக்கிறது?" என்றான் ஃபின்லே.

அந்தப் பதினோரு நிமிடத்தை அவள் வெட்டாமல் படத்தில் வைத்துவிட்டாள். பிப்ரவரியில் கிளாஸ்கோ விழாவில் படம் ஓடியது. லிடெல் எழுதிய விமர்சனத்தைக் கென்னினா சமையலறையில் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். நிறுத்தாமல் நடக்கும் அந்தக் காட்சி இயக்குநரின் துணிச்சல் என்று எழுதியிருந்தார். ஞாயிறு ஓய்வுநாளில் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று படகை இறக்க மறுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மகனைக் கடலுக்கு விட்டுக்கொடுத்த ஒரு தகப்பனின் கதை அது. 1983இல் இதே தீவில் நடந்த சம்பவம் என்று அறிகிறோம் என்றும், கயிற்றைப் பிடித்து நடக்கும் கிழவர் அந்த வீட்டு மூத்த மகனே என்றும், அந்தப் பாறை முகத்தில் நாற்பதாண்டுக் குற்றவுணர்வு உறைந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்.

அன்று என் முகத்தில் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இடது காலில் ஷூ கடித்தது.

1983இல் போனவன் எங்கள் தம்பி இவாண்டர். இருபத்திரண்டு வயது. உடல் கிடைக்கவில்லை. சிங்கி இறால் கூண்டுகளை எடுக்கச் சனிக்கிழமை மாலை போனான் என்று திங்கட்கிழமை காலை கடலோரக் காவலரிடம் சொன்னோம். ஞாயிறு இரண்டு ஆராதனைக்கும் நாங்கள் தேவாலயத்தில் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்திருந்தது. போனவன் திரும்பவில்லை என்று தெரிந்தும் ஓய்வுநாள் என்பதால் அப்பா தேடப் போகவில்லை என்று மிச்சத்தை ஊர் தானாகவே கூட்டிக்கொண்டது. யாரும் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. யாரோ ரோவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இவாண்டர் சனிக்கிழமை போகவில்லை. ஓய்வுநாளன்று, நாங்களெல்லாம் ஆராதனையில் இருந்தபோது போனான். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்பு யாரும் ஓய்வுநாளில் கடலுக்குப் போனதில்லை. சனிக்கிழமை போனான் என்று சொல்லச் சொன்னது அப்பா.

விமர்சனம் வந்த பிறகு நான் கென்னினாவிடம் சொன்னேன், பேப்பர்காரன் தீவுக்கு வந்தால் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்று. கணவன் இறந்ததிலிருந்து அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியை வைக்கவில்லை.

"அப்பா செத்து முப்பது வருஷமாச்சு அண்ணா. அவருக்கு இனிமே என்ன?"

"அவர் பேரு கெட்டிருக்கு."

"இவாண்டர் பேரு? நினைவுக் கல்லுல எழுதி நிக்குதே, அவன் பேரு. போதகர் பண்ணின ஜெபம் இருக்கே. எல்லாத்தையும் பொய்யாக்கப் போறியா?"

"அப்பா கதவச் சாத்தல."

"சாத்தினா என்ன, சாத்தாட்டி என்ன. பிள்ளைய விட்டுரு. அவன் ஒருத்தனாவது சுத்தமா கெடக்கட்டும்."

அவள் சீவிக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேல் சீவிவிட்டாள். இரண்டு நாள் அதையே சாப்பிட்டோம்.

ஏப்ரலில் ஊருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். லிடெலும் இஷ்பெலும் காலை ஃபெரிப் படகில் வந்தார்கள். திரையில் அந்தத் தகப்பன் கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டை போட்டான். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டது பின்னங்கழுத்துகளில் தெரிந்தது. எங்கள் கதவுக்குக் குறுக்குக் கட்டையே கிடையாது.

படம் முடிந்து பின்னறையில் டீ கொடுத்தார்கள். சால்மன் சாண்ட்விச்சும் பான்கேக்கும் இருந்தன.

"டோர்குல், உன்ன பாறைன்னு பேப்பர்ல போட்டிருக்கான். பாறைக்கு எத்தன சர்க்கரை?" என்றான் ஃபின்லே.

"ஒண்ணு."

"சாம்பல் நிற கடற்காகம் மாதிரி நடந்து போற கிழவன்னு என்னையும்ல எழுதியிருக்கணும். நாலு தடவ தோள் குடுத்தேன். ஒரு வரி இல்ல."

இஷ்பெல் சிரித்தாள். லிடெல் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மரியாதையான மனிதர்தான்.

"மிஸ்டர் மக்ரிச்சி, அந்தக் கயித்தப் புடிச்சப்போ உங்க தம்பிய நெனச்சீங்களா சார்?"

"இல்ல."

"உங்க அப்பாவ?"

கென்னினா டீக்கோப்பையைத் தட்டில் வைத்தாள். "அண்ணா, டீ ஆறுது" என்றாள். என்னைப் பார்த்து அவள் கடைசியாகக் கெஞ்சியது அது. நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டில் முக்கியமானதை உட்கார்ந்து சொல்லும் பழக்கம் இல்லை.

"என் தம்பி ஓய்வுநாள்லதான் கடலுக்குப் போனான். சனிக்கெழம இல்ல. சாயங்கால ஆராதனை முடிஞ்சு வந்து பாத்தோம், படகு இல்ல. எங்க அப்பா கதவச் சாத்தல. அன்னைக்கே சின்னப் படக அவுத்தாரு. நானும் அவரும் துடுப்புப் போட்டுப் போனோம். விடியற வரைக்கும் தேடினோம். ஜூன் மாசம், வெளிச்சம் இருந்துச்சு. ஒரு மிதவை கெடச்சுது."

"வேற யாரும் வரலையா?" என்று இஷ்பெல் கேட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா அவன் ஓய்வுநாள்ல போனது தெரிஞ்சுடும்."

ரோவன் தரையைப் பார்த்தாள். அவளுடைய படத்தைவிட இது மோசம் என்று அவளுக்குப் புரிந்தது. எனக்கு அது நாற்பதாண்டாகத் தெரியும்.

ஃபின்லே கையில் பாதி பான்கேக் இருந்தது. "எங்கிட்ட எஞ்சின் படகு இருந்துச்சே டோர்குல்" என்றான். குரலை உயர்த்தவில்லை.

"தெரியும்."

"எழுப்பியிருந்தா வந்திருப்பேனே. ஒரு வார்த்த வெளிய விட்டிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும். அப்பா வேண்டாம்னாரு. நானும் வேண்டாம்னேன்."

அவன் பான்கேக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனான். கென்னினா கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். மற்றவர்களின் கோப்பைகளில் டீ இன்னும் இருந்தது. லிடெல் எழுதிக்கொண்டார். நான் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் நாளிதழில் நான்காம் பக்கத்தில் வந்தது. அப்பாவைப் பற்றிய தவறுக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி. கீழே இவாண்டரைப் பற்றி அரைப் பக்கம், பள்ளிக்கூடப் புகைப்படத்தோடு. படத்துக்கு இன்னொரு விழாவில் இடம் கிடைத்தது என்று ரோவன் கடிதம் எழுதினாள். நான் பதில் எழுதவில்லை. அப்பா மகனைத் தேடப் போனார் என்பது இப்போது அச்சில் இருக்கிறது. அதைப் படித்தபோது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். தாளை மடித்து வைத்தேன்.

கென்னினா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. நேற்றுக் காலை என்னிடம், தீவிலிருந்து கிளம்பும் செவ்வாய்க்கிழமை ஃபெரி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஒன்பது நாற்பது என்றேன்.