எல்குஜாவின் சிவப்புச் செடி

வீட்டுக்குள் பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, மக்வாலா கத்தியும் கையுமாகத் தோட்டத்துக் கற்சுவரின் முன்னால் குத்துக்காலிட்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அவள் புருஷனைத் தூக்கிவிடுவார்கள். தன் கல்லறைமேல் இந்தச் செடியைத்தான் நடவேண்டும், அதுவும் நல்ல சிவப்பாக, என்று எல்குஜா வாய்விட்டுக் கேட்டிருந்தார்.

பக்குரியானி மலைப்பாறையிலிருந்து அவர் பெயர்த்துவந்த சீடம் என்கிற பாறைச்செடி அது. சுவரெல்லாம் படர்ந்து தொங்கியது. வெயிலில் காய்ந்தால்தான் மாதுளை நிறத்துக்கு வரும். அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து, அவர் செடி வாடிவிடக் கூடாதே என்று மக்வாலா தினமும் தண்ணீர் ஊற்றினாள். இப்போது பார்த்தால் ஓர் இலைகூடச் சிவப்பில்லை. கீரைப்பாத்தி மாதிரி பச்சைப் பசேலென்று கிடந்தது. மனுஷன் கேட்டதே ஒன்று, அதையும் கெடுத்துத் தொலைத்தாளே!

எல்குஜாவின் அக்கா நாத்தேலி பின்னால் வந்து நின்றாள். அவள் கையிலிருந்த அட்டைப்பெட்டியில் அதே செடி, ரத்தச் சிவப்பாக.

"நீ இதக் கெடுத்து வச்சிருப்பேன்னு தெரியும்டி. அதான் எங்க வீட்ல இருந்து பேத்து எடுத்தாந்தேன்."

"நல்லதுக்குன்னுதான் ஊத்துனேன்க்கா."

"அது என்ன கோழிக்குஞ்சா, வேளாவேளைக்குக் குடிக்க? அப்பவே உன்னத் திட்ட வந்தேன். அவன்தான் விடல."

மக்வாலா நிமிர்ந்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"கண்ணு நல்லாத்தான இருந்துச்சு அவனுக்கு. 'விடுக்கா, ஊத்தட்டும். அப்பதான் என் ஜன்னலுக்கு நேரா வந்து நிக்கிறா'ன்னான்."

நாத்தேலி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். மக்வாலா கத்தியைக் கல்லிடுக்கில் விட்டுப் பச்சையையே பாளம் பாளமாகப் பெயர்க்க ஆரம்பித்தாள்.

"அடியே, இங்க சிவப்பு இருக்குல்ல?"

"இருக்கட்டும்க்கா. அத ஓரத்துல வச்சுக்கலாம்."

"என்னமோ பண்ணு. எண்ணி எடு, சாவுக்கு ரெட்டப்படைதான்."

குழி மூடியதும், ஆண்கள் வழக்கப்படி ஆளுக்குக் கொஞ்சம் ஒயினை மண்ணில் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தார்கள். மக்வாலா பச்சையை நடுவில் பதித்து, கையால் அழுத்திவிட்டாள். யாரோ அவளிடமும் ஒரு கோப்பையை நீட்டினார்கள். நாத்தேலி குறுக்கே வந்து அந்தக் கோப்பையை விலக்கினாள். போய்த் தண்ணீர் வாளியைத் தூக்கிவந்து மக்வாலாவின் பக்கத்தில் வைத்தாள்.

"நீ தண்ணியே ஊத்துடி."