ஒன்பதாம் பக்கத்துக் கவிதை

எங்கள் தீவின் நீதிபதி பிரிங்கிள் துரை கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். லண்டனில் வக்கீலாக இருந்து, கட்சிக்காரர் யாரும் எட்டிப் பார்க்காமல் இங்கே கப்பலேறி வந்தவர். கவிதையும் எழுதுவார். நான் அவருடைய கோர்ட் குமாஸ்தா, தியோஃபில்.

அந்நாளில் சாட்சிகள் சொல்வதை நீதிபதியே கைப்பட எழுதிக்கொள்ள வேண்டும். அதைத் தவிர வேறு பதிவே கிடையாது.

தோட்டத்து மேஸ்திரியை நண்பகலில் வெட்டிக் கொன்றதாக சில்வெஸ்தர் மேல் வழக்கு. அவன் மனைவி யூலாலி கூண்டேறினாள். "விடிஞ்சதிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் நாங்க சேந்து, காயவெச்ச கொக்கோக் கொட்டைய காலால மிதிச்சோம் துரை. கொட்டை பளபளக்கணும்னா வரிசையா நின்னு ஆடி மிதிக்கணும். இவரு நகந்திருந்தா வரிசையே கொலஞ்சிருக்குமே!"

அவள் பேச்சை நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரையின் பேனா நிற்காமல் ஓடியது. ஜூரிகள் எல்லாரும் தோட்ட முதலாளிகள். நம்பவில்லை. தூக்கு என்று தீர்ப்பானது.

கருணை மனு பார்படோஸ் தீவிலிருந்த கவர்னருக்குக் கப்பலில் போக வேண்டும், கூடவே நீதிபதியின் குறிப்பும். நகலெடுக்க உட்கார்ந்தேன். யூலாலியின் சாட்சியம் இருக்க வேண்டிய ஒன்பதாம் பக்கத்தில், மஞ்சள் காய்ச்சலில் போன தன் மகளைப் பற்றி துரை கவிதை எழுதி வைத்திருந்தார்.

கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தப் பொம்பளை சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அப்படியே இருக்கு துரை. சொல்றேன், எழுதிக்குங்க. கப்பல் நாளைக்குத்தான்."

பேனாவை மையில் தோய்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். "காதுல வாங்காததை வாங்கினேன்னு எப்படிய்யா எழுதுவேன்? அது பொய்யில்லையா?"

"மனுசன் உசிரு துரை!"

"தெரியும்," என்றார். 'யூலாலி: குறிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அட பாவி மனுஷா! நேர்மைக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? நகலில் நானாவது சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. வேலை போய்விடுமே. இருந்தபடியே நகலெடுத்து உறையிலிட்டு ஒட்டினேன்.

தலையிட முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தூக்கிலிட்டார்கள். வீட்டுக்குப் போய் வறுத்த மீனும் சுட்ட சீமைப்பலாவும் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பின்னாளில் அந்தக் கவிதையை அச்சுக்கு நகலெடுத்துக் கொடுத்தவனும் நான்தான். நல்ல கவிதை. அதுதான் எரிச்சல்.

தூக்கு நடந்த மறுநாள் யூலாலி கோர்ட் வாசலில் என்னைப் பிடித்தாள். "குமாஸ்தா ஐயா, நான் சொன்னது கவர்னருக்குப் போச்சா?"

இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் மனசாவது ஆறட்டும் என்று, "முழுசா அனுப்பினோம்மா," என்றேன்.

தலையிலிருந்த கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"அப்போ படிச்சிட்டுத்தான் தூக்குல போட்டிருக்காங்க," என்றாள். "நான்தான் நம்புற மாதிரி சொல்லலை போலிருக்கு."

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.