துரையின் இடப்பக்கம்

முதுகுதான் தெரிகிறது, வியர்வையில் பனியன் ஒட்டிய முதுகு, நடுவே எலும்பு வரிசை இறங்குகிறது, வெயிலுமுத்து கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறார், கட்டிலுக்கு அடியில் இருட்டு, இருட்டுக்குள் ஒரு நாய், அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை, மடியிலிருந்து பொரிகடலையை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் போடுகிறார், அது தரையில் விழுவதுகூடக் கேட்கிறது, நாயப் பிடிச்சிட்டு வந்தீகளா பேயப் பிடிச்சிட்டு வந்தீகளா என்று சண்முகக்கனி வாசலில் நின்று கேட்கிறாள், அவர் உதட்டில் விரலை வைக்கிறார், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியப் பொடி அந்த விரலின் ரேகைக்குள் மின்னுகிறது. அது துரை வந்த அன்றைக்கு. இன்றைக்கு அதே கட்டில், அடியில் அதே இருட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது சண்முகக்கனி. வெயிலுமுத்து முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறார், காலையில் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவரைப் பிடித்தார், சரிந்தார், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் தூக்கிவிடுவார்கள். தூக்கும்போது அவள் அங்கே இருக்க வேண்டும், கடைசியாக முகம் பார்க்க வேண்டும், அதற்குக் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் நாய் ஓடும், வெளியே கம்போடு ஆள் இருக்கிறது.

பட்டாசு ஆலையில் பக்கத்துக் கொட்டகை வெடித்த நாளில்தான் துரையைக் கொண்டுவந்தார், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சாம்பலோடு சாம்பலாக ஒடுங்கிக் கிடந்ததாம், மனிதர்களைத் தேடப் போனவர் கையில் அதுதான் கிடைத்தது, சாக்கில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார், யார் யார் போனார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். நாயின் இடது காது கருகி மடிந்திருந்தது. அந்தக் காதில் எதுவும் கேட்காது, இடப்பக்கமிருந்து யார் வந்தாலும் அவனுக்கு அவர்கள் வானத்திலிருந்து குதித்தது மாதிரி, ஆகையால் வலப்பக்கமாக வரணும், வளைஞ்சு வரணும், நேரா மொகத்தைப் பார்த்து வரக்கூடாது, தலைக்கு மேல கையக் கொண்டு போகக்கூடாது என்று வெயிலுமுத்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், ஏன் சாமி, அவரு என்ன கலெக்டரா, பெரிய துரையா என்று சண்முகக்கனி கேட்டாள், அந்தப் பெயரே நின்றுவிட்டது.

வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிறவரின் நடை வீட்டுக்குள்ளும் அப்படித்தான் இருந்தது, ஓட மாட்டார், எதையும் தரையில் இழுக்க மாட்டார், உரச மாட்டார், ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டுமாம், அதே பழக்கத்தில் துரை இருக்கும் அறைக்குள் போகுமுன் கதவு நிலையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். அவனும் மருந்துதான் கனி, உரசுனாத்தான் பத்தும், மருந்து மேல தப்புச் சொல்ல முடியுமா என்பார். எதிரே இன்னொரு நாய் வருவது தெரிந்தால் தெருவைக் கடப்பார், நிறுத்தியிருக்கும் லோடு ஆட்டோவுக்குப் பின்னால் அவனோடு ஒதுங்குவார், பொரிகடலையைத் தரையில் இறைப்பார், துரை மூக்கைத் தரையில் வைத்துப் பொறுக்கி முடிப்பதற்குள் அந்த நாய் போயிருக்கும், கயிற்றை இழுத்து இவள் பார்த்ததே இல்லை, தெருவில் சிரித்தார்கள், வெயிலு, கடன்காரனுக்கா ஒளியுற என்று டீக்கடையிலிருந்து குரல் வரும், ஆமாப்பா, இவன் வாங்கி வச்சிருக்கான் என்று நாயைக் காட்டிவிட்டு நடப்பார்.

இந்தா கனி, இங்க பாரு, உதட்ட நக்குறான், பசின்னு நெனைக்காத, பயம், கொட்டாவி விடுறான், தூக்கம்னு நெனைக்காத, அதுவும் பயம், கண்ணுல வெள்ளை தெரியுது பாரு, இப்ப எல்லாரும் தள்ளிப் போயிரணும். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், துரை உதட்ட நக்குனது தெரியுது, நான் ரெண்டு நாளா இடுப்பைப் பிடிச்சிட்டு நடக்கிறது தெரியல என்றாள். அவர் சிரித்தார், நீ வாயத் தொறந்து சொல்லிருவ, அவன் என்ன செய்வான் என்றார். நானும் சொல்லாமத்தான் இருக்கேன் என்பது நாக்கு வரைக்கும் வந்தது, அதை விழுங்கினாள், கல்யாணமான நாளிலிருந்து விழுங்கியதில் அதுவும் ஒன்று, பிள்ளை இல்லை என்று யாரோ எதுவோ சொல்லும்போது அவர் எழுந்து நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவார், அவருடைய பார்வை முழுவதும் அந்தக் கருகிய காதிலேயே செலவாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள், இப்போதும் நினைக்கிறாள், நினைத்துக்கொண்டே வலது கையைத் தளரவிட்டுத் தரையில் வைத்திருக்கிறாள், உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விரிய, யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டதில் படிந்தது.

கட்டிலுக்கு அடியில் மூச்சு வேகமாக வருகிறது. வெளியே மேளம் நின்று மறுபடி தொடங்குகிறது.

எல்லாம் அவருடைய தம்பி ஜெயக்கொடியால் வந்தது, இல்லை, அவனையும் சொல்ல முடியாது, அண்ணனைத் தகப்பன் மாதிரி நினைத்தவன், செய்தி கேட்டு விருதுநகரிலிருந்து செருப்பில்லாமல் பஸ் ஏறி வந்தவன். வந்ததும் கேட்டான், துரை எங்க. பின்கட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள், கட்டினது கட்டினபடி கிடக்கட்டும் தம்பி என்றாள், அதற்குள் இரண்டு பெண்கள் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள், அவள் வாய் யாருடைய தோளிலோ புதைந்தது. ஜெயக்கொடி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான், வாயில்லாச் சீவன், அஞ்சாறு வருசம் சோறு தின்ன வீடு, மொகம் பாக்காம விட்டா ஏங்கிச் செத்துரும், மொகம் பாக்கட்டும். பெரியவர்கள் தலையாட்டினார்கள், இறந்தவரின் முகத்தை மாடும் கன்றும்கூடப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற மக்கள், அவன் போய்க் கயிற்றை அவிழ்த்தான், அவனுக்கு நாயிடம் பயம் கிடையாது, நாய் அவனிடம் உறுமாது, உறுமாமல் அவன்தான் பழக்கினான். முன்னெல்லாம் வரும்போது உறுமும், எங்கிட்டயேவா என்று ஈரத் துண்டை முறுக்கி மூக்கில் அடிப்பான், அடுத்த தடவையும் அடித்தான், பிறகு உறுமுவது நின்றது, பாத்தீகளா மதினி, நம்மகிட்ட அடங்கிட்டான் என்று அன்றைக்கு அவன் ஜெயித்த மாதிரி சிரித்தபோது வெயிலுமுத்து சிரிக்கவில்லை, அடங்கல தம்பி, நீ அவன் வாயப் பொத்திட்ட, உறுமுனாத்தான் நல்லது, தள்ளிப் போங்கன்னு மரியாதையாச் சொல்றான், இனிமே உங்கிட்டச் சொல்ல மாட்டான் என்றார். ஜெயக்கொடி அதை அண்ணனின் கிறுக்கில் ஒன்றாக எடுத்துக்கொண்டான்.

தோளுக்கு மேலாகச் சண்முகக்கனிக்குத் தெரிந்தது. நெஞ்சில் அடித்துக்கொள்ளும் கைகள், விரிந்த கூந்தல்கள், பெட்டியின் மோட்டார் இரைச்சல், வாசலில் மேளம், நடுவே இழுபட்டு வரும் நாய், நகங்கள் சிமெண்டில் கீறுகின்றன, வால் உள்ளே மடங்கி வயிற்றோடு ஒட்டியிருக்கிறது, உதட்டை நக்குகிறான், மறுபடியும் நக்குகிறான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறான், கண்ணில் வெள்ளை. அங்கே அத்தனை பேரில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், படிக்கத் தெரிந்த இன்னொருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கில் பஞ்சோடு கிடக்கிறார், விடுங்க, விடுங்கடி என்றாள், அழுகையோடு அழுகையாக அது போயிற்று, அய்யோ என் கனி எப்படித் துடிக்கா பாருங்க என்று யாரோ இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். ஜெயக்கொடி குனிந்தான். இடப்பக்கம் நின்றிருந்தான். அழுதுகொண்டே, பாருடா, ஒங்கய்யாவப் பாரு என்று நாயின் தலைக்கு மேலே கையை வைத்துக் கண்ணாடியை நோக்கி அழுத்தினான்.

உறுமல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. அவன் மணிக்கட்டு நாயின் வாயில் இருந்தது.

பிறகு கூட்டம் பிளந்தது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள், கண்ணாடியின் மேல் ரத்தம் தெறித்தது, யாரோ பந்தல் கம்பை உருவினார்கள், முதல் அடி நாயின் இடுப்பில் விழுந்தது, இரண்டாவது தரையில். சண்முகக்கனியின் கழுத்து விடுபட்டது. அவள் ஓடவில்லை, அதை நினைத்தால் அவளுக்கே வியப்பாக இருக்கிறது, வளைந்து போனாள், வலப்பக்கமாக, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, சுவரோரம் ஒடுங்கியிருந்த நாய்க்கு முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், தலைவிரி கோலமாக, கம்பு வைத்திருந்தவர்களுக்கு நேர் எதிரே, அவளை அடிக்காமல் அவனை அடிக்க முடியாது. ஏய் பொம்பள, எந்திரி என்றார் ஒருவர். துக்கத்துல புத்தி பேதலிச்சிருச்சு என்றாள் ஒருத்தி. முதுகில் ஈரமான மூக்கு படும்வரை அவள் அசையவில்லை. எழுந்தாள், பின்னறைக்கு நடந்தாள், கயிறு தரையில் தேய அவன் பின்னால் வந்தான், நிலையில் கையை வைத்து நின்றுவிட்டு உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். குழாயடியில் ஜெயக்கொடியின் குரல் கேட்டது, சோப்புப் போட்டுக் கழுவுங்கப்பா, பெரியாஸ்பத்திரிக்குப் போவம் என்று யாரோ சொல்ல, கொள்ளி வைக்க வேற யாரு இருக்கா, சுடுகாட்டுல இருந்து வந்துட்டுப் போறேன், வந்ததும் முதல் வேலை அதைத் தீத்துட்டுத்தான் ஆஸ்பத்திரி என்று சொன்னான். கட்டிலுக்கு அடியில் துரை உதட்டை நக்கினான். உதட்டில் ரத்தம் இருந்தது.

இப்போது கதவு தட்டப்படுகிறது. மதினி, நான் குருவையா. ஆலையில் அவரோடு மருந்து கலக்கியவன், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறான், தூக்கப் போறோம், வாங்க. அவள் கேட்கிறாள், கையில என்ன வச்சிருக்க. அவன் தயங்குகிறான், சரவெடிதான் மதினி, ஆலைல எல்லாரும் சேந்து கொண்டாந்தோம், நம்ம கையால செஞ்சது. வெடி வேணாம் குருவையா. அது எப்படி மதினி, ஆயுசெல்லாம் மருந்து அள்ளுன மனுசன், ஊர்ல கண்டவனுக்கெல்லாம் வெடி போட்டு அனுப்புறோம், அண்ணன் ஊமையாப் போனா எங்களுக்குத்தான் அசிங்கம். அவரு தீபாவளிக்கே வெடி வச்சதில்ல, இவன் வந்ததுல இருந்து கம்பி மத்தாப்புகூட இந்த வீட்டுல கொளுத்துனதில்ல. பிறகு அவன் தணிந்த குரலில், கூட்டத்துல நான் ஒருத்தன் என்ன சொல்ல முடியும், வேணும்னா தெரு திரும்புனதுக்கப்புறம் வைக்கச் சொல்றேன், நீங்க வாங்க மதினி, மொகத்த ஒருக்கப் பாத்துருங்க, அப்புறம் கிடைக்காது என்றான்.

அப்புறம் கிடைக்காது. அவளுக்கு அது தெரியும். காலையிலிருந்து பார்த்தது முகம் இல்லை, கண்ணாடி, அதில் தன் நிழலும் மின்விசிறியின் நிழலும், முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, தூக்கும்போது கண்ணாடியைத் திறப்பார்கள், தொடலாம், அந்தக் கையைப் பிடித்து விரல் ரேகையைப் பார்க்கலாம், இடுப்பு வலிக்குதுங்க என்று இப்போதாவது சொல்லலாம். எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் மூச்சு நின்றது. நடுக்கத்தில் கட்டிலின் இரும்புக் கால் தரையில் தட்டியது, டக் டக் என்று, ஒரு நாயால் இவ்வளவு நடுங்க முடியுமா, குனிந்து பார்த்தாள், அவன் அவளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான், பின்னங்கால்கள் பாய்வதற்கு மடிந்திருந்தன. தாழ்ப்பாளில் வைத்த கையை அவள் எடுத்தாள். நீங்க கொண்டு போங்க குருவையா என்றாள். மதினி. கொண்டு போங்க.

தரையில் படுத்தாள், பக்கவாட்டில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போனாள், தூசியும் நாயின் வாடையும் ஈய வாளியும் இருக்கிற இடத்தில் அவள் உடம்பு அடங்கியது, ஒலி எழுந்தது, பெண்களின் ஓலம் ஒரே மூச்சாக உயர்ந்து வாசலுக்கு நகர்ந்தது, தூக்கிவிட்டார்கள், இதோ படி இறங்குகிறார்கள், இதோ தெரு, பொண்டாட்டி வரலையாம் என்று ஒரு குரல், நாயோட படுத்துக் கெடக்காளாம் என்று இன்னொரு குரல், பிறகு வெடித்தது. தெரு திரும்பவில்லை. வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டார்கள், நிற்காமல் வெடித்தது, சுவர் அதிர்ந்தது, ஓட்டிலிருந்து தூசி கொட்டியது, துரை அவள் மார்புக்குள் புகுந்துவிடுகிறவன் மாதிரி முட்டினான், சிறுநீர் அவள் சேலையை நனைத்தது, கருகிய காதின் மேல் அவள் கை வைக்கவில்லை, நல்ல காதின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள், அழுத்திக்கொண்டே அழுதாள், முதல் தடவையாக, யாரும் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல். உங்க அண்ணன் தம்பியெல்லாம் உங்களுக்கு மரியாதை செய்றாக, கேக்குதா என்று யாரிடமோ சொன்னாள்.

புகை கதவிடுக்கில் வந்தது. வீட்டைக் கழுவும் சத்தம் வந்தது. பெண்கள் கூப்பிட்டார்கள், ஓய்ந்தார்கள். வெளிச்சம் மங்கியது, தூங்கினாளா தெரியவில்லை, குழாயடியில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார், துரை வலப்பக்கம் நிற்கிறான், யாரும் சரியவில்லை.

கதவு இடிபட்டுத் தாழ்ப்பாள் கழன்றது. கட்டிலுக்கு அடியிலிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன, சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு வந்த கால்கள், ஈர வேட்டியின் விளிம்பிலிருந்து நீர் சொட்டுகிறது, பக்கத்தில் கம்பின் நுனி. துரையின் உடம்பு விறைத்தது, பிறகு அவன் தொண்டைக்குள் ஏதோ அசைந்தது, அவள் மார்பில் அது முதலில் அதிர்வாகத்தான் பட்டது, அப்புறம்தான் சத்தமாயிற்று, உறுமுகிறான், ஜெயக்கொடியைப் பார்த்து. தம்பி, அங்கனயே நில்லுங்க என்றாள், குரலை உயர்த்தாமல், சொல்றான்ல, கேளுங்க.

வெளிய வாங்க மதினி. வர மாட்டேன். நான் அண்ணனுக்குக் கொள்ளி வச்சிட்டு வந்திருக்கேன், இந்தக் கையால. தெரியும். மொகம் பாக்கட்டும்னுதான கூட்டிட்டு வந்தேன், அது தப்பா. தப்பில்ல. பெறகு ஏன் கடிச்சான். உறுமல் ஓயவில்லை, கூடவும் இல்லை. நீங்களாவது அவரப் பாத்திருக்கலாம்ல மதினி என்றான், கடைசில கண்ணு லேசாத் தொறந்திருந்துச்சு, யாரையோ தேடுன மாதிரி.

கால்கள் நின்றன. பிறகு ஒரு அடி பின்னால் போயின, இன்னொரு அடி, வாசற்படியில் பட்டுத் தடுமாறின. கம்பு சுவரில் சாய்ந்தது. அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான், அறைக்கு முதுகைக் காட்டி, துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு. உறுமல் நின்றது. முதுகுதான் தெரிகிறது, ஈரம் வழியும் வெறும் முதுகு, நடுவே எலும்பு வரிசை இறங்குகிறது, அது குலுங்குகிறது, கட்டிலுக்கு அடியில் இருட்டுக்குள்ளிருந்து சண்முகக்கனி அதைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள்.